பத்ரிக்குக் கலக்கிய மோர்

என் நீர்மோருக்குச் சேலையூரில் எங்கள் காலனி முழுக்க நல்ல பெயர், டாக்டர். இஞ்சி தட்டிப் போட்டு, பெருங்காயம் கரைத்து, கறிவேப்பிலையைக் கசக்கிப் போடுவேன். அதில் எதைக் கலந்தாலும் தெரியாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. சற்றுமுன் பத்ரியின் அம்மா பக்கத்தில் நிற்கும்போது, மருந்து எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டீர்கள். நான் சொன்ன பதில் சரியில்லை. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

முதலில் அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அபிதகுஜாம்பாள் எங்களுக்கு அடுத்த வீடு. கணவர் இல்லை. மகள் கோதை டைப்பிஸ்ட். மகன் பத்ரி மேற்குத் தாம்பரத்தில் ஒரு டுடோரியலில் கணக்கு நடத்தியவன். திடீரென்று காதில் குரல் கேட்கிறது என்றான். உங்கள் மருந்தில் தேறினான். ஆனால் மாத்திரையைத் துப்பிவிடுவான். அதனால் அந்த ருசியில்லாத சொட்டு மருந்தை, வேளைக்கு ஐந்து சொட்டு, மோரில் கலந்து கொடுத்துவந்தார்கள். அவனுக்கு மட்டும் தெரியாது. காலனியில் மற்ற எல்லோருக்கும் தெரியும். யார் சொல்லித் தெரியும் என்று நீங்கள் கேட்க வேண்டாம்.

போன தை மாதம் கோதைக்கு நங்கநல்லூரில் வரன் கூடியது. பெண் வீட்டைப் பற்றிப் பக்கத்து வீட்டில் விசாரிப்பது நம்மில் வழக்கம்தானே. என்னிடம் வந்தார்கள். ஆளுக்கொரு டம்ளர் மோர் கொடுத்தேன். "பொண்ணு தங்கம். அண்ணாதான் பாவம், மருந்துல ஓடிண்டிருக்கு" என்றேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர்கள் திரும்பி வரவே இல்லை. அந்த நேரம் பத்ரி காம்பவுண்டு சுவருக்கு அந்தப் பக்கம் முல்லைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

இந்த மாதம் அபிதகுஜாம்பாளின் அண்ணா கும்பகோணத்தில் தவறிப்போனார். மகளோடு காரியத்துக்குக் கிளம்பும்போது மருந்துப் புட்டியை என் கையில் கொடுத்தாள். "காமு, உன்னைத்தான் நம்பிண்டு போறேன். கழுத்து இழுத்தாலோ, ஜுரம் வந்து உடம்பு வெறைச்சாலோ மருந்தை உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு அழைச்சிண்டு போயிடு. டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கா" என்றாள். ஒரு வார்த்தை விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். காதில் விழுந்தது எதையும் நான் மறப்பதில்லை.

மறுநாள் தண்ணீர் லாரி வரிசையில், குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பத்ரி நிதானமாகச் சொன்னான்: "மாமி, அம்மா வரட்டும். நங்கநல்லூர்க்காரா உங்காத்துல மோர் குடிச்ச கதையைச் சொல்லப்போறேன்."

"பைத்தியம் ஏறிடுத்துடா இவனுக்கு" என்று யாரோ சிரித்தார்கள். எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது நான்தான். அன்று மாலை பத்து சொட்டு விட்டேன். அவன் அமைதியாக இருந்தால் அவனுக்கே நல்லது என்று நினைத்தேன்.

அமைதி வரவில்லை. கிணற்றிலிருந்து கேட்டுக்கு, கேட்டிலிருந்து கிணற்றுக்கு நடந்துகொண்டே இருந்தான். "கால் நிக்கமாட்டேங்கறது மாமி. உள்ளே எறும்பு ஊர்றாப்பல இருக்கு" என்றான். மருந்து கூடினால் இப்படி ஆகும் என்று அப்போது எனக்குத் தெரியாது. நோய் முற்றிவிட்டது என்று வீடு வீடாகச் சொன்னேன். சொன்ன பிறகு, முற்றிய நோய்க்கு இன்னும் கொஞ்சம் கொடுப்பதுதானே நியாயம்.

பிறகு டம்ளரைத் தள்ளினான். "வேண்டாம் மாமி. இதுல என்னமோ விஷம் கலக்கறேள்" என்றான். என் வீட்டுக்காரர் தோத்தாத்ரியே, "பாவம்டி, உன் மோரைப் போய் விஷங்கறானே" என்று வருத்தப்பட்டார். ஒரே ஒருவன் உண்மையைச் சொன்னான். அதையே அவன் வியாதிக்குச் சாட்சியாக எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் தலையை ஆட்டினேன்.

அப்புறம் கழுத்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. நாக்கு தடித்து, பேச்சுக் குழறியது. இதை மட்டும் தெரியாது என்று சொல்ல மாட்டேன். அபிதகுஜாம்பாள் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. ஆனால் பேச்சு நின்றிருந்தது, டாக்டர். அது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதைத்தான் சொல்ல முடியவில்லை. அவள் ஊரிலிருந்து வர இன்னும் நாலைந்து நாள் இருந்தது. ஜுரம் அடித்தபோது வெயில் சூடு என்றேன். நெற்றியில் ஈரத்துணி போட்டேன். ஜுர மாத்திரையைப் பொடித்து மோரில் கலக்கினேன். அந்த மோரிலும் சொட்டு இருந்தது.

இன்று காலை வந்திறங்கிய அபிதகுஜாம்பாள், மரக்கட்டை மாதிரி கிடந்த மகனைப் பார்த்துவிட்டு என் கையைத்தான் முதலில் பிடித்துக்கொண்டாள். "நீ இல்லேன்னா என் கொழந்தை என்ன ஆயிருப்பான்" என்றாள்.

உங்களிடம் ஐந்து சொட்டு என்று சொன்னேன். ஐந்து இல்லை. சொட்டு எண்ணுவதையே விட்டுவிட்டேன். வேளைக்கு அந்தச் சொட்டு விடும் குழாய் நிறைய விட்டேன். இன்று விடியற்காலை அவன் பல் கிட்டிக்கொண்டிருந்தது. ஸ்பூனால் நெம்பித் திறந்து ஊற்றினேன். கோதை கொண்டுவந்து காட்டிய புட்டியை நம்பாதீர்கள். அதில் பாதி, அளவு சரியாகத் தெரியட்டும் என்று நான் ஊற்றி வைத்த தண்ணீர்.

அபிதகுஜாம்பாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், டாக்டர். எனக்கு அடுத்த வீட்டு விஷயத்தைச் சொல்லித்தான் பழக்கம்.