வெர்னா ஷ்ராக் அம்மையாரும் பேருந்துச் சீட்டு வழக்கும்

கேல்பர்ன் மாநிலக் கல்லூரி விளையாட்டுத் துறையின் விதிமுறை அலுவலராக முப்பத்தேழு ஆண்டுகள் பணியாற்றி இன்று ஓய்வுபெறும் பெருமதிப்பிற்குரிய வெர்னா ஷ்ராக் அம்மையார் அவர்களுக்கு, உடன் பணிபுரிந்தோர் உவந்தும் உள்ளம் அதிர்ந்தும் வாசித்தளிக்கும் மடல்.

நெறி பிறழா நேர்மையே! கண்ணயராக் காவலே! காகிதக் கடலைக் கடந்து கரைசேர்ந்த கலமே! ஐயம் என்று வந்தோர்க்கெல்லாம் அயராது விடையளித்த அறிவே!

இந்த நடையிலேயே இறுதிவரை செல்வதாகத்தான் இருந்தோம். மூன்றாம் பத்தியில், "முப்பத்தேழு ஆண்டுகளில் ஒரு பிழையும் அறியாத பணி" என்று எழுதி, சரிபார்க்கத் தங்களிடம் தந்தோம். தாங்கள் அந்த ஒரு வரியைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பித் தந்தீர்கள்.

"இத எடுங்க. எடுக்கலன்னா விழாவுக்கு நான் வரல."

மடலை எழுதிக்கொண்டிருந்த நம் துணை அலுவலர் டோபியாஸ் பதறிப்போனார். "என்ன வெர்னா, நல்லதுதான எழுதியிருக்கோம்?"

"நல்லதுதான். உண்மையில்ல. உக்காரு, சொல்றேன். சொன்னத அப்படியே எழுது. எல்லார் முன்னாடியும் படிங்க."

ஆகவே அவையோரே, அம்மையாரை முன்வரிசையில் அமர்த்திக்கொண்டே அவர் கதையை உங்களுக்குச் சொல்கிறோம். பொறுத்தருள்க.

வெர்னா இங்கு வேலைக்குச் சேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில். கல்லூரிக்காக விளையாடும் பிள்ளைக்கு உதவித்தொகை உண்டு, படுக்கை உண்டு, உணவு உண்டு. அதற்கு மேல் ஒரு காசு கை மாறினாலும் குற்றம். மாறாமல் பார்த்துக்கொள்வதுதான் வெர்னாவின் வேலை. வெறும் ரொட்டி கொடுத்தால் அது சிற்றுண்டி. அதன்மேல் பாலாடைக்கட்டி தடவினால் அது சாப்பாடு. கணக்கில் இல்லாத சாப்பாடு விதிமீறல். எண்பதாயிரம் பேர் அமரும் அரங்கம் நிரம்பி வழிந்த நாளிலும், வெர்னா உடைமாற்றும் அறை வாசலில் நின்று ரொட்டிகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. அவரை விலைக்கு வாங்கியவர் ஒருவரும் இல்லை.

ஒவ்வோர் ஆண்டும் புதிதாக வரும் பிள்ளைகளிடம் அவர் சொன்னது ஒன்றே: "எது வாங்குறதுக்கு முன்னாடியும் எங்கிட்ட வந்து கேளு. கேட்டவன நான் கைவிட மாட்டேன்."

அந்தப் பாடத்துக்கு அவர் ஓர் எடுத்துக்காட்டு வைத்திருந்தார். "பேருந்துச் சீட்டு வழக்கு" என்று பெயர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறில் துணைப் பயிற்சியாளர் ஒருவர், தாயை இழந்த ஆட்டக்காரனுக்கு ஊருக்குப் போக அறுபத்தெட்டு டாலருக்குப் பேருந்துச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். அந்தப் பிள்ளை நேராக வெர்னாவிடம் வந்து கேட்டான். வெர்னா சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, கல்லூரி விளையாட்டுகளைக் கண்காணிக்கும் தேசிய மேலிடத்துக்கு எழுதினார். சீட்டைக் கையில் வாங்கியதே தவறு என்று தீர்ப்பு வந்தது. பிள்ளைக்கு நான்கு ஆட்டங்கள் தடை. கல்லூரிக்கு வரவிருந்த பெருந்தண்டனையோ தவிர்ந்தது. இங்கே கையொப்பமிட்டுள்ள நாங்கள் அனைவரும் அந்த வழக்கைப் படித்து வளர்ந்தவர்கள். அதை மற்ற கல்லூரிகளிலும் போய்ப் பெருமையோடு சொன்னவர்கள்.

காலம் கவிழ்ந்தது. முதலில், வயிறு நிறையச் சாப்பிடலாம் என்றார்கள். பிறகு, கைச்செலவுக்கும் தரலாம் என்றார்கள். இரண்டாயிரத்து இருபத்தொன்றில், ஆட்டக்காரர் தம் பெயரையும் முகத்தையும் விற்றுக்கொள்ளலாம் என்றார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கார் விளம்பரத்தில் வந்தார்கள். இந்த ஆண்டு ஜூலையில் கல்லூரியே நேரடியாகச் சம்பளம் கொடுக்கத் தொடங்கியது. நேற்றுவரை எதைத் தடுத்தாரோ அதற்கே கையொப்பமிட வெர்னாவை அமர்த்தினார்கள்.

முதல் நாள் அவர்முன் வந்து அமர்ந்தவர் ராமிரோ வாஸ்கெஸ், கார்டன் சிட்டியிலிருந்து வந்த பத்தொன்பது வயது அமெரிக்கக் கால்பந்துப் பந்தெறிவாளர். ஆண்டுக்கு மூன்று லட்சத்து அறுபதாயிரம் டாலர். அந்த எண்ணைப் பார்த்த வெர்னா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். எண் மாறவில்லை. பழக்கம் விடவில்லை, கையொப்பமிடும் முன் பேருந்துச் சீட்டு வழக்கைச் சொல்லி முடித்தார்.

ராமிரோ கேட்டார்: "சரி மேடம், அவர் போய்ச் சேந்தாரா?"

"யாரு?"

"அம்மா செத்துப்போனாங்கன்னீங்களே. அடக்கத்துக்குப் போனாரா?"

வெர்னா பேனாவைக் கீழே வைத்தார். "அது எனக்குத் தெரியல," என்றார்.

அவையோரே! இருபத்தொன்பது ஆண்டுகள்! எத்தனை வகுப்புகள், எத்தனை கூட்டங்கள்! எங்களில் ஒருவர், ஒரே ஒருவர்கூட, அதைக் கேட்டதில்லை.

வெர்னா அன்று பிற்பகலே கீழ்த்தளத்துக்குப் போய் அந்த வழக்கின் கோப்பை எடுத்தார். பிள்ளை வந்து கேட்டது வியாழக்கிழமை. அடக்கம் சனிக்கிழமை. மேலிடத்தின் பதில் வந்தது திங்கட்கிழமை. பயன்படாத சீட்டு கிழியாமல் அந்தக் கோப்பிலேயே ஊசி குத்தி இருந்தது. பின்பக்கத்தில் இன்னொரு தாள்: மறு ஆண்டுக்கு உதவித்தொகை நீட்டிக்கப்படவில்லை. கீழே வெர்னாவின் கையொப்பம்.

பெயர் ஓடெல் பிக்ஸ்பி. ஊர், லூசியானாவில் ஷ்ரீவ்போர்ட்.

மறுவாரம் அவர் தனியாகப் பத்து மணி நேரம் காரோட்டிப் போனார். ஓடெல் இப்போது ஷ்ரீவ்போர்ட்டில் டயர் கடை வைத்திருக்கிறார். வயது ஐம்பதை நெருங்குகிறது. லாரிச் சக்கரத்தின் அருகே குந்தியிருந்தவர், குரலைக் கேட்டதும் எழுந்து கையைத் துடைத்தார்.

"மிஸ் வெர்னா! ஆள் மாறிட்டீங்க. குரல் மாறல."

வெர்னா நலம்கூட விசாரிக்கவில்லை. "ஓடெல், அன்னைக்கு நீ ஊருக்குப் போனியா?"

"இதக் கேக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க? டிக்கெட்ட நீங்கதான வாங்கி மேசைக்குள்ள வெச்சீங்க?"

"வேற ஏதாவது வழியில போயிருப்பேன்னு..."

"எந்த வழியில? நடந்தா? பதில் வர்ற வரைக்கும் ஊர விட்டு நகராதன்னீங்க. நகரல. சனிக்கெழம பூரா ரூம்ல போன் பக்கத்துலயே உக்காந்திருந்தேன், நீங்க கூப்புடுவீங்கன்னு."

"நீ எங்கிட்ட கேக்காமப் போயிருந்தா..."

"ஒரு பயலுக்கும் தெரிஞ்சிருக்காது. கேக்கச் சொன்னீங்க, கேட்டேன்."

"என்மேல கோவமா?"

"இல்லன்னு பொய் சொல்லவா? இருக்கு. ஆனா உங்கமேல மட்டும் இல்ல. அந்த வாரம் என் நம்பர் போட்ட சட்டைய காலேஜ்ல அரங்கத்து வாசல்ல வெச்சு வித்துக்கிட்டிருந்தாங்க. அத யாரும் எழுதி மேல அனுப்பல."

வெர்னா தம் சேமிப்பிலிருந்து ஏதோ கொடுக்க முன்வந்தார். ஓடெல் பையைத் திறக்கவே விடவில்லை. "அத உள்ள வைங்க. இப்ப ஆடுற பசங்க வாங்குறாங்க, நல்லா வாங்கட்டும். எனக்கு அது வேணாம். அந்தக் கேஸ இன்னும் பாடமா சொல்றீங்கன்னு கேள்விப்பட்டேன். இனிமே சொன்னா முழுசா சொல்லுங்க. பேர் போட்டுச் சொல்லுங்க. எங்கம்மா பேரு ஏர்லீன். அதையும் சொல்லுங்க."

பிறகு கடையைப் பூட்டி, அவரைத் தம் வண்டியில் ஏற்றித் தாயின் கல்லறைக்குக் கூட்டிப்போனார். அங்கே நின்ற வெர்னா, "நான்தாம்மா பிடிச்சு வெச்சேன்," என்று மட்டும் சொன்னாராம். ஓடெல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அப்பால் திரும்பி நின்றார்.

திரும்பி வந்த வெர்னா, கல்லூரி சார்பில் ஒரு வருத்தக் கடிதம் வேண்டும் என்று கேட்டார். வழக்கறிஞர்கள் மறுத்தார்கள். "அப்ப எம்பேர்ல போகட்டும்," என்று தாமே எழுதி அனுப்பினார். பயிற்சிப் பாடத்தைத் திருத்தினார். அவசரத்தில் வரும் பிள்ளைக்கு அன்றே விடை தரவேண்டும், விடை வராவிட்டால் பிள்ளை கிளம்பிவிடலாம், பழி அலுவலகத்துடையது என்று ஒரு விதி எழுதி, போராடி நிறைவேற்றினார். முப்பத்தேழு ஆண்டுகளில் அவர் தாமே இயற்றிய ஒரே விதி அது.

அம்மையீர்! தங்களைப் பிழையற்றவர் என்று போற்ற வந்தோம். தாங்களோ பிழையைப் பெயரோடும் நாளோடும் எங்கள் கையில் தந்துவிட்டீர்கள். படித்துப் பூரித்த பாடத்தில் பாதி இல்லை என்று அறிந்த அதிர்ச்சி இன்னும் எங்களை விட்டு அகலவில்லை, அகலவும் வேண்டாம். அறுபத்து நான்கு வயதில், காரோட்டிப் போய்க் கதவைத் தட்டிக் கேட்ட தங்கள் துணிவை வணங்குகிறோம். தங்கள் கால்கள் தளராதிருக்க! கண்ணொளி மங்காதிருக்க! தோட்டத்துத் தக்காளியும் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டுக் குழுவும் தங்களுக்கு நெடுநாள் இன்பம் தருக!

இம்மடலின் ஒரு படியை, ஒப்புதல் கேட்டு, திரு. ஓடெல் பிக்ஸ்பி அவர்களுக்கும் அனுப்பினோம். விழாவுக்கு வர இயலாது, வெள்ளிக்கிழமை கடையில் கூட்டம் இருக்கும் என்றார். அம்மா பெயரின் எழுத்தில் ஒரு பிழை இருந்தது, அதைத் திருத்தினார். வேறெதையும் தொடவில்லை.

இங்ஙனம்,
விளையாட்டுத் துறைப் பணியாளர்கள்,
கேல்பர்ன் மாநிலக் கல்லூரி, கான்சாஸ்.
டிசம்பர், 2025