ஈரக் களிமண்ணை நம்பாத சந்தனமேரி அம்மையாருக்கு

ஐயமே அணிகலனாய், ஆய்வே ஆயுதமாய், முப்பத்தொரு ஆண்டுகள் எங்கள் மண் ஆய்வுக்கூடத்தைக் கட்டிக்காத்த அம்மையே! கீரனூர்ப் பேருந்தில் வந்திறங்கியதும் சுவர்க் கடிகாரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்ட பின்னரே வருகைப் பதிவேட்டைத் தொடும் நுண்மதியே! வணங்குகிறோம்.

ஒருவர் எடுத்த அளவை, அதை அறியாத இன்னொருவர் மறுபடி எடுக்காமல் நீங்கள் ஏற்றதே இல்லை. எங்களையும் சந்தேகித்தீர்கள். அன்று எங்களுக்குக் கோபம் வந்தது உண்மைதான். இன்று அதற்காக வெட்கப்படுகிறோம்.

குப்பைமேட்டின்மேல் போர்த்திய களிமண் ஈரமாயிருந்தால் வாயு உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும், கருவிக்கு அகப்படாது; அழுத்தம் ஏற ஏற வழி தேடும்; வெயிலில் மண் காய்ந்து வெடித்தால் பீறிட்டு வரும். தீப்பற்றும் வாயு அது. மேட்டின் அடிவாரத்திலோ அங்கன்வாடி! தினமும் அங்கே அடுப்பு எரிகிறது. இருபத்தாறு பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள்.

கடந்த பங்குனியில் சோதனைக்குச் சென்றபோது களிமண்ணில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்தீர்கள். ஈரம்! மண்போர்வை போட்ட ஒப்பந்தக்காரர் வசந்தகுமார் அருகில்தான் நின்றார். "ஊரெல்லாம் காயுது, இந்த மேட்டுக்கு மட்டும் எங்கிட்டிருந்துங்க மழை பேஞ்சுச்சு?" என்று கேட்டு, தண்ணீர் லாரியின் சக்கரத்தடத்தைக் காட்டிவிட்டுத் திரும்பினீர்கள். பத்து நாள் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் போய் அளந்தபோது கருவியின் முள் எகிறியது. 'கசிவு இல்லை' என்னும் சான்றிதழில் இன்றுவரை நீங்கள் கையொப்பமிடவில்லை.

இன்று ஓய்வு பெறுகிறீர்கள். மறுசோதனையோ நாளைக் காலை! கார்த்திகை மழை ஒரு வாரமாய்க் கொட்டி, மேடு ஊறிக் கிடக்கும் நேரம் பார்த்து நாள் குறித்தது யார்? பொன்னாடையும் கையுமாய் வசந்தகுமார் முன்வரிசையில் அமர்ந்திருப்பது எதற்கு? நாளை உங்கள் பொறுப்பை ஏற்கும் அருள்மணிக்கு அவர் பக்கத்திலேயே நாற்காலி போட்டது எவர்? ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதையாய் இருக்கிறது. எங்களுக்குப் பயமாகவும் இருக்கிறது.

ஆகவே, வெயிலில் மண் காய்ந்த பின் அளந்து பார்க்காமல் அச்சான்றிதழில் கையொப்பமிடுவதில்லை என உறுதி கூறி, அவ்வுறுதியின் அடையாளமாகவே இம்மடலில் கையொப்பமிடுகிறோம்.

கண்ணொளி குன்றாது, முழங்கால் வலி அணுகாது நூறாண்டு வாழ்க! நலமாய் இருப்பதாக மருத்துவர் சொன்னாலும் இன்னொரு மருத்துவரைக் கேட்டுக்கொள்க!

அன்பும் ஐயமும் குறையாத ஆய்வுக்கூடப் பணியாளர்கள்,

சத்யபிரியா
சூர்யபிரகாஷ்
ஐயனார்
அருள்மணி – (மடலை நீட்டியபோது, "நாளைக்குப் போடுறேங்க" என்றார்.)