காதுக்குள் மட்டும் வைத்திருந்த மெட்டு

எனக்கு வார்த்தை இருக்கிற பாட்டு ஒத்துவராது சார். வாத்தியம் மட்டும்தான் கேட்பேன். வார்த்தை வந்துவிட்டால், இவன் எதைச் சொல்கிறான், எதை மறைக்கிறான் என்று மனசு அதையே சுற்றும். வயலினுக்கு அந்தப் புத்தி கிடையாது.

ஆம்பூர் டேனரியில் தோலைப் பதனிடப் போட்டுச் சுற்றுகிற டிரம் பக்கம் எனக்கு வேலை. அந்த இரைச்சல் வீட்டுக்கும் கூடவே வரும். அதை விரட்டத்தான் காதில் இயர்போன் மாட்ட ஆரம்பித்தேன். கோட்டுப் போட்டு வரிசையாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வயலின் இழுக்கிற வெள்ளைக்காரர்கள், பித்தளை ஊதுகிற பேண்டு, நம் நையாண்டி மேளம், வெண்கலச் சட்டிகளைக் கவிழ்த்து வைத்துத் தட்டுகிற ஏதோ ஒரு தீவுக்காரர்கள், எல்லாம் என் போனில் உண்டு. ஒருநாளும் ஸ்பீக்கரில் போட்டதில்லை. போனையும் பூட்டித்தான் வைப்பேன். இதை முக்கியமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அதில் ஒன்று துருக்கிக்காரர்களுடையது. தந்தி வாத்தியம் நாலைந்து, ஒரு குழல். மெட்டு மேலே ஏறும், வழி மறந்தவன் மாதிரி ஓரிடத்தில் நிற்கும், அப்புறம் மெதுவாக இறங்கும். கொஞ்ச நாளாக அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பெண்சாதி முத்துமாரி, கறி கழுவிக்கொண்டே அதை முனகினாள். நிற்கிற இடத்தில் சரியாக நின்றாள். இது ஏது என்று கேட்டேன். சும்மா வாயில் வந்தது என்றாள். ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்கிறவள் வாயில் துருக்கிக்காரன் மெட்டு சும்மா வருமா? சண்டை போடுகிற ஆள் இல்லை நான்.

அந்த வாரமே டிரம் பக்கம் கௌதமும் அதை முனகினான். என்னோடு தோல் ஏற்றி இறக்குகிறவன், கல்யாணம் ஆகாதவன், பக்கத்துத் தெரு. என்னை அண்ணன் என்பான், அவளை அண்ணி என்பான். எங்கே கத்துக்கிட்டே என்றேன்.

"இன்னாண்ணே, வேணும்னே கேக்கறியா?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்கு எனக்கு ஒரு அர்த்தம்தான் தெரிந்தது. அவளுடைய கம்பெனி பஸ் லேட்டாக வந்த நாட்களில் இவன் வேலையை விட்டு எங்கேயாவது போனானா என்று கவனித்தேன். போகவில்லை. அவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். அப்புறம் அவனை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. நான் காதில் மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தேன். திறந்தபோது இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

போன வாரம் கழிவுத் தண்ணீர்க் குழி அடைத்துக்கொண்டது. ஆள் இறங்கக் கூடாது என்று போர்டு இருக்கிறது. இறங்கத்தான் செய்கிறோம். அதற்கு எங்களுக்குள் ஒரு முறை. இறங்குகிறவன் இடுப்பில் கயிறு, மூக்கிலும் வாயிலும் ஈரத்துண்டு. பேச முடியாது, அதனால் அவன் முனகிக்கொண்டே இருக்க வேண்டும். முனகல் நின்றால் விஷவாயு அடித்துவிட்டது என்று அர்த்தம். மேலே இருக்கிறவன் அந்த நொடியே இழுக்க வேண்டும். மேஸ்திரி அமீர் பாஷா ஆள் கேட்டார். கௌதம் இறங்கட்டும், கயிறு நான் பிடிக்கிறேன் என்றேன்.

"அண்ணன் மேல இருந்தா எனக்கு இன்னா பயம்" என்றான் துண்டைக் கட்டிக்கொண்டே.

குழிக்குள் போயும் அதே மெட்டைத்தான் முனகினான் சார். அவனுக்கு வேறு எதுவுமா கிடைக்கவில்லை? மெட்டில் மேலே ஏறினான். நிற்கிற இடத்தில் நின்றான். இறங்கவில்லை.

காதில் மாட்டியிருந்ததால் கேட்கவில்லை என்று முதலில் உங்களிடம் சொன்னது பொய். அன்றைக்கு இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டிருந்தேன். நன்றாகக் கேட்க வேண்டும் என்றுதான். கயிறு என் கையில் இருந்தது. அவன் விட்ட இடத்திலிருந்து மிச்சத்தை மனசுக்குள் நானே முடித்தேன். முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தரம். அப்புறம்தான் ஆட்களைக் கூப்பிட்டேன். அது விபத்து இல்லை. நான்தான் கொன்றேன்.

நேற்று முத்துமாரி பார்க்க வந்தாள். அழவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

"அத காதுல மாட்டிக்கினா நீதான்யா ஊருக்கே கேக்கற மாதிரி முனகுவே. நம்ம தெருப் புள்ளைங்களுக்குக்கூட அந்தப் பாட்டு தெரியும். அந்தப் பையன் உன்கிட்டதான் கத்துக்கினான். நானும் உன்கிட்டதான்."

செத்துப்போனவனைக் காப்பாற்றவே இவ்வளவு பொய் சொல்கிறாள் என்றால், நான் நினைத்தது எவ்வளவு சரி என்று நீங்களே பாருங்கள் சார்.