கயிறு பிடிக்கிறவன்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை சார். அடியில ஒரு அட்டையை மடிச்சு வெச்சா ஆடாது. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன். எதையாவது அரைகுறையா விட்டிருந்தா எனக்கு அருவருப்பா இருக்கும். சின்ன வயசுல இருந்தே அப்படித்தான்.

நான் வந்த விஷயத்துக்கு வர்றேன். உங்க ஆபீஸ் விசாரணை அறிக்கையில ஒரு வரி தப்பா இருக்கு. கழிவுத் தொட்டிக்கு மேல கயிறு பிடிச்சவர் பதறிப்போய்த் தாமதமா இழுத்தார், அவருக்குப் பயிற்சி போதாதுன்னு எழுதியிருக்காங்க. கயிறு பிடிச்சவன் நான். செத்தது என் மச்சினன், என் மனைவியோட கூடப்பிறந்த தம்பி. மத்ததெல்லாம் எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும். அந்த ஒரு வரியை மட்டும் மாத்தணும்.

அதுக்கு முதல்ல ஒரு கேமைப் பத்திச் சொல்லியாகணும். சிரிக்காதீங்க. நரைச்ச மீசையை வெச்சுக்கிட்டு கம்ப்யூட்டர்ல வாள் சண்டையான்னு என் மனைவியே கேலி பண்ணுவா. நாங்க ஒரு டீம். அவங்கவங்க வீட்டுல உக்காந்து ஹெட்போன் மாட்டிக்கிட்டு ஆடுவோம். முன்னால நின்னு அடி வாங்குறவனுக்குக் கேடயம்னு பேரு. வெட்டுறவங்க நாலஞ்சு பேர். பின்னால நின்னு அடிபட்டவங்களுக்கு உசுர் ஏத்துறது நான். டீம்ல என்னை டாக்டர்னுதான் கூப்பிடுவாங்க. எல்லாரும் நல்லா இருக்கிற வரைக்கும் டாக்டர்னு ஒருத்தன் இருக்கிறதே எவனுக்கும் ஞாபகம் வராது. யாராவது செத்தா மட்டும் டாக்டர் தூங்கிட்டார்னு சொல்வாங்க. அந்த வேலையைக் கத்துக்க எனக்கு வருஷக்கணக்காச்சு. செத்துச் செத்துப் பொழைச்சு, ஒவ்வொரு லெவலா ஏறினேன்.

மச்சினன் எங்க வீட்டுலதான் தங்கியிருந்தான். தானும் ஆடணும்னான். வா மாப்ள, சொல்லித் தர்றேன்னேன். "அதெல்லாம் யாரு மாமா உக்காந்து கத்துக்கிட்டிருப்பா"ன்னுட்டு, பெரிய லெவல்ல இருந்த கூட்டாளிங்க முதுகுல போய் ஒட்டிக்கிட்டான். அவனுங்க அடிப்பானுங்க. இவன் ஓரமா நிப்பான். புள்ளி இவனுக்கும் ஏறும். நிக்கிற நேரத்துல சிப்ஸ் தின்னுவான். வாயைத் திறந்து மெல்லுவான். விரலைச் சப்பிட்டு அதே எச்சில் விரலால என் கீபோர்டைத் தட்டுவான். நோகாம நொங்கு தின்கிறதுன்னா என்னன்னு அப்பத்தான் கண்ணால பார்த்தேன். ரொம்ப நாள் ஆகல, என் லெவலுக்கு வந்து நின்னான். அக்காவைக் கூட்டிட்டு வந்து காட்டினான். என் தம்பி எதையும் சட்டுனு புடிச்சுக்குவான்னு அவளுக்கு ஒரே பூரிப்பு.

அவ சொன்னாளேன்னு எங்க டீம்ல கேடயமாச் சேர்த்தேன். அவன் அடுத்த ரூம்ல ஒரு லேப்டாப்பை வெச்சு ஆடினான். கேம்ல ஒரு குகை வரும். உள்ள இருக்கிற பூதம் மூச்சை இழுத்தா கேடயக்காரன் பின்வாங்கணும். கீழ இருந்து ஏறி வந்த எவனுக்கும் அது தெரியும். இவன் நேராப் போய் அதோட வாய்க்குள்ள நின்னான். நான் உசுர் ஏத்தினேன், கை வலிக்க வலிக்க ஏத்தினேன். மொத்த டீமும் செத்துச்சு. அப்போ ஹெட்போன்ல இவன் சொல்றான், "டாக்டர் கொஞ்சம் ஸ்லோ, என்ன மாமா?" எல்லாரும் சிரிச்சாங்க. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எனக்குக் கோபம் வரல சார். அருவருப்புதான் வந்துச்சு. சாப்பிடுற தட்டுல அடுத்தவன் தலைமுடி கிடந்தா வருமே, அது.

அடுத்த வாட்டியும் அதே இடத்துல போய் நின்னான். நான் கீபோர்டுல இருந்து கையை எடுத்துட்டேன். அவன் மட்டும் செத்தான். திரும்ப எழுந்து வந்தவன், அப்புறம் ஒரு நாளும் அந்த இடத்துல நிக்கல. சில பேருக்கு வாயால சொன்னா ஏறாதுன்னு எனக்கு அன்னிக்குத் தெளிவாச்சு.

என் வேலை தெரியும் உங்களுக்கு. ஆலைங்கள்ல கழிவுத் தொட்டி சுத்தம் பண்றோம். ஒருத்தன் உடம்புல கயிறு கோத்த வாரை மாட்டிக்கிட்டு உள்ள இறங்குவான். கறுப்பா, கொழகொழன்னு, முழங்கால் வரைக்கும் கிடக்கும். இன்னொருத்தன் தொட்டி வாய்கிட்ட நின்னு, கயிறு சுத்தின ராட்டினத்தைப் பிடிச்சுக்கிட்டு, இறங்கினவனையே பார்த்துக்கிட்டிருப்பான். ஏதாவது ஒண்ணுன்னா சுத்தி மேல இழுக்கணும். நான் மேல நிக்கிறவன். அங்கயும் யார் கண்ணுக்கும் படாத வேலைதான்.

மச்சினனுக்கு வேலை வாங்கித் தரச் சொல்லி மனைவி கேட்டா, வாங்கித் தந்தேன். பயிற்சிக்குப் போட்ட படத்தை வேகமா ஓட்டிவிட்டுப் பார்த்தான். பரீட்சையில பக்கத்துல இருந்தவனைப் பார்த்து எழுதினான். இறங்குறதுக்கான அனுமதி கார்டு கைக்கு வந்துடுச்சு. கொஞ்ச காலம் என்கூட மேல நில்லு மாப்ள, அப்புறம் இறங்கலாம்னேன். "தொட்டி வாய்கிட்ட நிக்கிறது ஒரு வேலையா மாமா, ஒரு கொக்கியை அடிச்சுக் கயிறை மாட்டி வெச்சா அது பார்க்கும்"னான்.

அன்னிக்குக் காலையில காத்தை அளக்க மீட்டரை எடுத்தான். அதோட குழாயை அடி வரைக்கும் இறக்கி அளக்கணும். கெட்ட காத்து கனம், அடியிலதான் படுத்திருக்கும். இவன் வாய்கிட்ட நீட்டிப் பார்த்துட்டு, பச்சை காட்டுது மாமான்னான். மீட்டரை நெஞ்சுல மாட்டிக்கிட்டு இறங்கணும். சும்மா கத்திக்கிட்டே இருக்கும்னு ஏணியோட மேல் படியில தொங்கவிட்டுட்டான். ரெண்டையும் பார்த்தேன். ஆழம் தெரியாம காலை விடுறான்னு தெரிஞ்சுது. வாயைத் திறக்கல.

இறங்கினதும் முகத்தைச் சுளிச்சான். "அழுகின முட்டை நாத்தம் மாமா, குடலே வெளிய வந்துடும் போலருக்கு." அப்புறம் மண்வாரியால கழிவைக் கிளற ஆரம்பிச்சான். கிளறக் கிளறத்தான் அந்தக் காத்து கிளம்பும். கொஞ்ச நேரம் போச்சு. தலையைத் தூக்கி என்னைப் பார்த்துச் சிரிச்சான்.

"வாடை போயிடுச்சு மாமா."

எங்க தொழில்ல அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது. வாடை எங்கயும் போறதில்ல சார். மூக்குதான் செத்துடுது. முதல்ல மூக்கு, அப்புறம் ஆளு. அந்த வார்த்தை காதுல விழுந்த உடனே இழுக்கணும். என் கை ராட்டினப் பிடியிலதான் இருந்துச்சு. நடுங்கவும் இல்ல, வேர்க்கவும் இல்ல. இப்ப விளங்கும், நல்லா விளங்கட்டும்னு நின்னேன். அவன் முழங்கால் மடிஞ்சுது. ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தான். அப்புறம் முகம் அந்தக் கொழகொழப்புல கவுந்துச்சு. அதுக்கு மேலயும் நின்னேன். அசைவு நின்ன பிறகு இழுத்தேன். முறைப்படி, சீரா, உடம்பு எங்கயும் இடிபடாம இழுத்தேன். வாய் நிறையக் கறுப்புச் சேறு. தோண்டி எடுக்கணும். உள்ளதைச் சொல்றேன், அந்த வாயில விரல் வைக்க எனக்கு அப்பவும் குமட்டிச்சு.

மனைவி என் தோள்ல சாஞ்சு அழுதா. கடைசியா அவன் என்ன சொன்னான்னு கேட்டா. அக்கான்னு கூப்பிட்டான்னு சொன்னேன். அதுவரைக்கும் எனக்கு ஒண்ணும் தோணல. போன வாரம் உங்க அறிக்கையைப் படிச்சுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "நீங்க என்ன பண்ணுவீங்க, பதறிட்டீங்க. உங்களுக்கும் யாரும் ஒழுங்காச் சொல்லித் தரல"ன்னா. அதைத்தான் என்னால பொறுக்க முடியல.

அதனால எழுதிக்குங்க. தாமதமா இழுத்தார்ங்கிறதை அடிச்சுட்டு, தெரிஞ்சே இழுக்காம நின்னார்னு போடுங்க. பயிற்சி போதாதுங்கிறதையும் அடிச்சுடுங்க. என் வேலை எனக்குத் தெரியும்.

மூக்கு மரத்துப்போற விஷயத்தை எனக்கு யார் சொல்லித் தந்தாங்கன்னா கேக்குறீங்க? யாரும் சொல்லித் தரல சார், நானாக் கத்துக்கிட்டதுதான். முதல் தடவை இறங்கினப்போ நானும் தலையைத் தூக்கி, வாடை போயிடுச்சு அண்ணேன்னு சொன்னேன். சொல்லி வாயை மூடல, மேல நின்னவர் இழுத்துட்டார்.