எட்டு விரல் ஆலோசகர்

றஞ்சிதா: இல்ல, நான் கேக்கிறன்… கலியாண வீட்டுக்கே வெறுங்காலோட வாற மனிசன், ஆஸ்பத்திரிக் கூட்டத்துக்கு என்னத்துக்குச் சப்பாத்தும் கால்மேசும் போட்டு வந்திருக்கீங்க?

நாகரெத்தினம்: ஆலோசகர் எண்டா ஒரு… இது வேணும்தானே, தங்கச்சி.

றஞ்சிதா: எது?

நாகரெத்தினம்: அதான்… ஒரு இது.

றஞ்சிதா: மூணு வருசமா அந்த இது இல்லாமத்தானே இந்த வாங்கில குந்தி இருந்து ஆஸ்பத்திரிக்குப் புத்தி சொல்றம். வருத்தத்தில கிடந்த ஆள் எண்டு உங்கள எடுத்தாங்க, வருத்தக்காரரப் பார்த்த ஆள் எண்டு என்ன எடுத்தாங்க. சம்பளம் இல்லாத உத்தியோகம்.

நாகரெத்தினம்: சம்பளந்தான் இல்ல. சப்பாத்தாவது இருக்கட்டும்.

றஞ்சிதா: ஆர்ர சப்பாத்து?

நாகரெத்தினம்: மருமகன் நிலோஜன்ர.

றஞ்சிதா: அதான் பார்த்தன். வவுணதீவில இருந்து சைக்கிள்ல வந்த மனிசன், வாசல்ல இருந்து இந்த வாங்குக்கு வரக் கால் மணித்தியாலம் எடுத்தீங்க.

நாகரெத்தினம்: அது… கொஞ்சம் கடிக்குது.

றஞ்சிதா: கடிக்கிறது தெரியுதா உங்களுக்கு? சீனி வருத்தத்தால கால் விறைச்சுப் போய் அஞ்சு வருசம், முள்ளுக் குத்தினாலும் தெரியா எண்டு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லித் திரியிறீங்க.

நாகரெத்தினம்: கடிக்குது எண்டு… நினைக்கிறன்.

றஞ்சிதா: சரி விடுங்க. இண்டைக்கு எப்படியும் கழட்டத்தான் போறீங்க.

நாகரெத்தினம்: என்னத்துக்கு?

றஞ்சிதா: உங்களுக்குச் சொல்லல்லயா? புதுசா ஆறு பேர் ஆலோசகரா சேர்ந்திருக்காங்க. காலை எப்படிக் கவனிக்கிற எண்டு டொக்டர் நிஸ்றா அவங்களுக்குக் காட்டப் போறா. உங்கட காலை வச்சு.

நாகரெத்தினம்: என்ர காலையா? இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில வேற கால் இல்லையா கா?

றஞ்சிதா: ரெண்டு விரல வெட்டின புறகு, மூணு வருசம் ஒரு கீறல் இல்லாம வச்சிருக்கிற கால் எண்டு டொக்டர் சொன்னா. நம்மட ஆஸ்பத்திரிக்கே பெருமையான கால் எண்டா.

நாகரெத்தினம்: கடவுளே…

றஞ்சிதா: என்ன, முகமெல்லாம் வேர்க்குது? சாப்பிட்டீங்களா?

நாகரெத்தினம்: சாப்பிட்டன், சாப்பிட்டன்.

றஞ்சிதா: மஞ்சளும் வேப்பெண்ணெயும் மணக்குதே உங்கள்ல…

நாகரெத்தினம்: கோயிலுக்குப் போனன்.

றஞ்சிதா: எப்ப?

நாகரெத்தினம்: போன வெள்ளிக்கு… முந்தின வெள்ளி.

றஞ்சிதா: அந்த மணம் இன்னும் நிக்குதா? பொறுங்க. அண்டைக்குத்தானே அம்மன் கோயில்ல தீ மிதிப்பு?

நாகரெத்தினம்: ஓம்… பார்க்கப் போனன்.

றஞ்சிதா: பார்க்க மட்டும்?

நாகரெத்தினம்: கிட்ட நிண்டு பார்த்தன்.

றஞ்சிதா: எவ்வளவு கிட்ட?

நாகரெத்தினம்: …உள்ளுக்கு.

றஞ்சிதா: ஐயோ அண்ணன்… அந்தா சுவரில ஒட்டிக் கிடக்கே, அத ஒருக்கா வாசிங்க.

நாகரெத்தினம்: கண்ணாடி கொண்டு வரல்ல.

றஞ்சிதா: நான் வாசிக்கிறன். ‘சீனி வருத்தம் உள்ளவர்கள் தீ மிதிக்க வேண்டாம். சூடு தெரியாத காலுக்குக் காயமும் தெரியாது.’ ஆர் எழுதின?

நாகரெத்தினம்: டொக்டர்.

றஞ்சிதா: ஆர் சொல்லிக் குடுத்து எழுதின?

நாகரெத்தினம்: …ஒரு விசரன்.

றஞ்சிதா: அந்த விசரன்ர படத்தையும் கீழ போட்டிருக்கு.

நாகரெத்தினம்: படம் நல்லாத்தான் வந்திருக்கு.

றஞ்சிதா: பகிடிய விடுங்க. ஏன் போனீங்க?

நாகரெத்தினம்: நேர்த்தி, தங்கச்சி. விரல் வெட்டுற அண்டைக்கு மேசையில கிடந்து கேட்டன். ‘மிச்சக் காலையாவது தா தாயே, அந்தக் காலாலேயே வந்து உனக்குத் தீ மிதிக்கிறன்’ எண்டு. அப்ப நான் ஆலோசகர் இல்லையே. வெறும் நோயாளி.

றஞ்சிதா: வேற ஒண்டும் வாயில வரல்லயா? ஒரு கற்பூரச் சட்டி, ஒரு காவடி…

நாகரெத்தினம்: பயத்தில கிடக்கிறவன் யோசிச்சா நேருவான்?

றஞ்சிதா: மறுகா? சுடல்லயா?

நாகரெத்தினம்: ஒரு பொட்டும் சுடல்ல. அதுதான் வினை. மத்தவங்க நாலு எட்டில கடந்து போயிட்டாங்க. நான், என்னடா சுடல்லயே எண்டு, பொண் பார்க்கப் போற மாப்பிள்ள மாதிரி ஆறுதலா நடந்து போனன். சனம் வாயைப் பிளந்து நிண்டுது. ரெண்டு பேர் என்ர காலைத் தொட்டுக் கும்பிட்டாங்க. எனக்கும் உள்ளுக்குள்ள ஒரு நினைப்பு… அம்மன் என்னில மட்டும் தனியா ஒரு கண் வச்சிருக்கா எண்டு.

றஞ்சிதா: எப்பத் தெரிஞ்ச?

நாகரெத்தினம்: நாலாம் நாள். பாயை உதறக்குள்ள மகள் தனுஷியா புண்ணப் பார்த்திட்டாள், அண்டையில இருந்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசுறம். அம்மன்ல ஒரு பிழையும் இல்ல. அவ சொல்ல வேண்டியத என்ர வாயாலேயே சொல்ல வச்சு, சுவரிலயும் ஒட்ட வச்சுட்டா. வேற என்ன செய்வா?

றஞ்சிதா: எவ்வளவு பெரிசு?

நாகரெத்தினம்: உள்ளங்கால்ல… ஒரு வெத்திலை அளவு. சின்ன வெத்திலை.

றஞ்சிதா: என்ன நிறம்?

நாகரெத்தினம்: புண்ணுர நிறந்தான்.

றஞ்சிதா: கறுப்பா?

நாகரெத்தினம்: ஓரத்தில மட்டும்.

றஞ்சிதா: டொக்டரிட்டக் காட்டுங்க. இப்பவே.

நாகரெத்தினம்: எந்த முகத்தோட? போன மாசம் கரடியனாறுக்குப் போய், ‘புண்ண மறைக்கிறவன் தன்ர காலைத் தானே வெட்டுறான்’ எண்டு ஒரு மணித்தியாலம் பேசினன். கை தட்டினாங்க. தேத்தண்ணியும் தந்தாங்க, சீனி போடாம… உங்களுக்கென்ன, உங்கட கதை சுகமான கதை. ஒவ்வொரு கூட்டத்திலயும் ஒழும்பி, ‘என்ர அவர வாசல்ல மூணு மணித்தியாலம் வச்சிருந்தாங்க, அதான் செத்துப் போயிட்டார்’ எண்டு சொல்லிப்போட்டு இருக்கிறீங்க. பிழை முழுக்க ஆஸ்பத்திரிர. என்ர கதையில பிழை முழுக்க என்ர.

றஞ்சிதா: …ஓம். சுகமான கதைதான்.

நாகரெத்தினம்: கோவிச்சிட்டீங்களா?

றஞ்சிதா: இல்ல. சொல்லுங்க.

நாகரெத்தினம்: ஒரு உதவி செய்யுங்க. நான் பின் கேற்றால போறன். டொக்டர் கேட்டா, ‘வயல் வெட்டு நேரம், அவர் வட்டைக்குப் போயிட்டார்’ எண்டு சொல்லுங்க. நீங்க சொன்னா நம்புவா. அடுத்த மாசத்துக்குள்ள ஆறிடும்.

றஞ்சிதா: ஆறாட்டி?

நாகரெத்தினம்: ஆறாட்டி… ஆறு விரல் ஆலோசகர்.

றஞ்சிதா: காலே போனா?

நாகரெத்தினம்: நிலோஜனுக்கு ஒரு சப்பாத்து லாபம்.

றஞ்சிதா: எனக்குச் சிரிப்பு வரல்ல அண்ணன்.

நாகரெத்தினம்: எனக்கும்தான்… பயமா இருக்கு, தங்கச்சி. அந்த மேசையில திரும்பக் கிடக்க என்னால ஏலா. ஆனா வெக்கம் அதவிடப் பெரிசாக் கிடக்கு. சொல்லுவீங்களா? வட்டைக்குப் போயிட்டார். ரெண்டே ரெண்டு சொல்லு.

றஞ்சிதா: அந்த ரெண்டு சொல்ல நான் ஒருக்காச் சொல்லிட்டன் அண்ணன். வாசல்ல மூணு மணித்தியாலம் வச்சிருந்தாங்க எண்டது உண்மை. அதுக்கு முதல் பதினொரு நாள் வீட்டுக்குள்ள ஆர் வச்சிருந்த எண்டு நான் ஒரு கூட்டத்திலயும் சொன்னதில்ல. கிளினிக்குக்கு ஆளக் காணல்ல எண்டு நேர்ஸ் மிஸி வீட்டுக்கே தேடி வந்தா. அவர் உள்ளுக்குப் புண் காலைத் தூக்கி வச்சுக் கிடந்தார், ‘சொல்லாத, வெக்கம்’ எண்டு. நான் படலையில நிண்டு, சிரிச்சிக்கிட்டு, ‘அவர் வட்டைக்குப் போயிட்டார் மிஸி’ எண்டன். அவவும் நம்பித் திரும்பிப் போயிட்டா… நான் சொன்னா எல்லாரும் நம்புறாங்கதான். கழட்டுங்க அந்தச் சப்பாத்த. உங்கட கதைய நீங்க சொல்லுங்க, என்ர கதைய நான் சொல்றன். இண்டைக்கு ரெண்டு பேரும் ஒண்டா வெக்கப்படுவம்.