மந்திரிச்ச கம்ப்யூட்டர்

…படம் காட்டுதது ஒண்ணுதான் அதுக்கு வேல. அதுக்குப் போயி பாதி பட்ஜெட்டத் தூக்கிக் குடுப்பாங்களா? நீங்களே சொல்லுங்க தம்பி. கிராஃபிக்ஸ் கார்டாம். அத வாங்கிட்டா மிச்சத்துக்கு என்னத்தப் போட, அவலயும் சீனியையுமா? அதான் நான் சொன்னேன், கார்டு கெடக்கட்டும், மத்த சாமான்லாம் மொதல்ல நல்லதாப் போடுவோம்னு. இது ஒரு குத்தமா?

வாங்க, உள்ள வாங்க, கராஜ்தான், செருப்பு கெடக்கட்டும். அந்த அரிசி மூட்டைய நவுத்திட்டு உக்காருங்க. விளம்பரம் பாத்துட்டு மெசேஜ் போட்ட கதிர் நீங்கதானே? நான் மரிய அந்தோணி. எடிசன்லருந்தா வாரீங்க? ரூட் எய்ட்டீன்ல கூட்டமா இருந்திருக்குமே. இந்தா நிக்கு பாருங்க, இதுதான். கேமிங் கம்ப்யூட்டர். மவளுக்காகச் செஞ்சது. புத்தம் புதுசு, ஒரு நாள் கூட ஓடல. விளம்பரத்துலயும் அப்படித்தான் போட்டேன், ஒரு நாளும் ஓடலன்னு. பொய் சொல்லல பாத்துக்கிடுங்க.

நீங்களாவது சொன்ன நேரத்துக்கு வந்தீங்க. மத்தவன்லாம் 'இருக்கா'ம்பான். இருக்குன்னா ஆளயே காணாது. நேத்து ஒருத்தன் வந்து சுத்திச் சுத்திப் பாத்துட்டு, அங்கிள், பவர் சப்ளைய மட்டும் தனியாக் குடுப்பீங்களான்னான். இது என்ன கோழிக்கடையா, தொட தனி, ஈரல் தனின்னு குடுக்க? போய்ட்டு வான்னுட்டேன்.

மவ பேரு ஜெஸ்மி. பன்னெண்டாவது படிக்கா. போன சம்மர்ல ஐஸ்கிரீம் கடையில நின்னு சேத்தது பாதி, நான் போடுதது பாதின்னு பேச்சு. எந்தெந்த சாமான் வாங்கணும்னு அவளே கெடந்து வீடியோவாப் பாத்து முடிவு பண்ணி வச்சிருந்தா. எங்கிட்ட வந்து காட்டுதா. நான் இருவத்தஞ்சு வருஷமா கம்ப்யூட்டர்லயே குடியிருக்கவன் தம்பி. மருந்து கம்பெனில டேட்டாபேஸ் பாக்கேன். என் வீட்ல ஒரு கம்ப்யூட்டர் செய்யணும்னா யாரு சொல்லணும்? நானா, தொப்பியத் திருப்பிப் போட்டுட்டு யூட்யூப்ல கத்துதானே, அவனா?

உள்ள கழட்டிப் பாத்திருக்கேனான்னா கேக்கீங்க? அது எதுக்கு? பஸ்ல போறவன்லாம் இஞ்சினக் கழட்டிப் பாத்துட்டா ஏறுதான்?

அவ எடுத்து வச்சிருந்ததப் பாத்தா எல்லாம் இன்னைக்குத் தேவைக்கு மட்டும். பவர் சப்ளை அளவா, மதர்போர்டு அளவா, கேபினெட் சின்னதா, கார்டு மட்டும் பெருசு. சரிட்டி, நாளைக்கு என்ன செய்வன்னு கேட்டா, 'ஐ ஜஸ்ட் வான்ட் டு ப்ளே நவ், டாட்'ங்கா. கூடப் படிக்கதுக எல்லாம் சேந்து விளையாடுதாம், இவ மட்டும் பழைய லேப்டாப்ப வச்சுட்டு பாதியிலயே நின்னு போறாளாம். நவ்வாம். இங்க பொறந்ததுகளுக்கு நாளைக்குன்னு ஒண்ணு கெடயவே கெடயாது. நமக்கு அப்படியா? எங்கப்பா தூத்துக்குடில வீடு கட்டுனாவ. பின்னால மாடி எடுக்கணும்னு மொட்ட மாடில தூணுக்குத் தூணு கம்பிய நீட்டி விட்டாவ. மாடி எடுத்தாவளான்னு கேக்காதிய. அந்தக் கம்பில எங்கம்மா கயிறு கட்டி துணி காயப் போட்டா, அது வேற விஷயம். ஆனா கம்பி இருந்துச்சா இல்லயா?

அதே மாரிதான் நானும் செஞ்சேன். இந்த பவர் சப்ளைல இந்தக் கராஜு, அடுக்களை எல்லாத்தையும் ஓட்டலாம். மதர்போர்டுல எத்தன ஓட்ட இருக்கு பாருங்க. ஒண்ணுலயும் ஒண்ணும் சொருகல, எல்லாம் நாளைக்கு. கேபினெட்டா? எங்க கல்யாண பீரோ இத விடச் சின்னது. பின் சீட்டு ரெண்டயும் மடக்குனாத்தான் கார்ல ஏறும், இப்பவே சொல்லிட்டேன். லைட்டு மட்டும் கூடாதுன்னுட்டேன். அவளுக்கு ஃபேன்ல லைட்டு எரியணும், ரேம்ல லைட்டு எரியணும். ஏட்டி, இது கம்ப்யூட்டரா, மாதா கோயில் சப்பரமான்னு கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சா. அப்பல்லாம் நான் என்ன சொன்னாலும் சிரிப்பா.

பொறவு இந்த டீலு. சம்மர்லயே வாங்கிருவோம்னு ஒத்தக் கால்ல நின்னா. நான்தான் தேங்க்ஸ்கிவிங் தள்ளுபடி வரட்டும்னு நிப்பாட்டி வச்சேன். நம்ம வீட்ல மெத்த வாங்குனாலும் தேங்க்ஸ்கிவிங், மிக்ஸி வாங்குனாலும் தேங்க்ஸ்கிவிங். போன வருஷம் பாத்து இந்த ஏஐக்காரனுவ ஊரு உலகத்துல உள்ள ரேமயெல்லாம் அள்ளிட்டுப் போயிட்டானுவ. எறங்கும் எறங்கும்னு பாத்தா ஏறிட்டே போவுது. இதுக்கு நான் பொறுப்பா? நானே குடோன்ல பதுக்குன மாரி மூஞ்சத் தூக்கி வச்சுக்கிடுதா. சரி போன்னு பாதி ரேம் போட்டோம். மீதிக்குத்தான் ஓட்ட இருக்கே.

யோசனை சொல்லுததுக்கு ஆளுக்குப் பஞ்சமா என்ன? மாசத்துக்கு ஒருக்கா சர்ச்சுல நமக்குத் தமிழ்ப் பூசை உண்டு. பூசை முடிஞ்சு ஹால்ல காப்பி குடிக்கும்போது வாயத் தொறந்தாப் போதும், ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவான். கிரிஸ்னு ஒருத்தன். பெரிய இவன். அண்ணே, அதே பிராசஸர்ல இன்னொரு மாடல் இருக்கு, விலை கம்மி, வேகம் அதேதான்னான். காதுல போட்டுக்கிட்டேன். பூசைல ஃபாதர் சொன்னது ஒண்ணும் நிக்கல, இவன் சொன்னது மட்டும் நின்னுட்டு.

சாமான்லாம் வந்து, ஜெஸ்மி உக்காந்து மாட்டுனா. ரெண்டு நாளா சோறு தண்ணி இல்லாம மாட்டுனா. முடிச்சுட்டு, டாட், ஒரு தடவ ஆன் பண்ணிப் பாத்துருவோம்னா. கூடாதுன்னுட்டேன். நம்ம ஆளுவ எதயாச்சும் ஃபாதர வச்சு மந்திரிக்காம தொடுவோமா? காரு வாங்குனா மந்திரிக்கோம், வீடு வாங்குனா மந்திரிக்கோம். அமலி, என் வீட்டுக்காரி, கிரைண்டருக்கே தீர்த்தம் தெளிச்சவ. இவ்ளோ பெரிய சாமான மந்திரிக்காம ஆன் பண்ணுனா அது வெளங்குமா? அதான் அந்த ஞாயித்துக்கிழமை ஜெபக்கூட்டத்த நம்ம வீட்ல வச்சு, ஊர்லருந்து வந்திருந்த சாமியாரையும் கூட்டிட்டு வந்து, பிரியாணி போட்டு, ஒரு விழா மாரிச் செஞ்சேன். சும்மா இல்ல பாத்துக்கிடுங்க.

எல்லாரும் சுத்தி நிக்காவ. சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளிச்சாவ. கேபினெட்டுக்குக் கண்ணாடிக் கதவுல்லா, அதுல தண்ணி வடியுது, ஜெஸ்மி பல்லக் கடிச்சுட்டு நிக்கா. நான் பட்டன அமுக்குனேன். ஃபேன்லாம் ஜோராச் சுத்துது. எல்லாரும் கைதட்டுதாவ. ஸ்கிரீனப் பாத்தா கருப்பு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுதேன், கருப்பு. வயரப் புடுங்கி மாட்டுதேன், கருப்பு.

இந்த கிரிஸ் இருக்கானே, அண்ணே, தீர்த்தம் உள்ள போயிருக்கும்னுட்டான். சாமியாருக்கு மொகம் சுண்டிப் போச்சு. ஒரு அம்மா ஜெபமாலையக் கைல எடுத்துட்டா. நான் என்ன செய்வேன் தம்பி? அத்தன பேரு நடுவுல என் மானம் போவுது. அதான் சொன்னேன். இது ஜெஸ்மி மாட்டுனது, நான் வேண்டாம்னுதான் சொன்னேன், வீடியோவப் பாத்துட்டு எதயோ கெடுத்து வச்சிருக்கா, இதுக்கெல்லாம் பொறுமை வேணும், இவளுக்கு ஏதுன்னு. சிரிச்சுட்டேதான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாவ. பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு இந்த வேலன்னு ஒரு ஆன்ட்டி வேற எடுத்துக் குடுத்தா. ஜெஸ்மி பிரியாணி பரிமாறுனா, தட்டெல்லாம் எடுத்தா, மாடிக்குப் போயிட்டா.

அதுலருந்து பேச்சில்ல. முன்னல்லாம் நான் தமிழ்ல கேப்பேன், அவ இங்கிலீஷ்ல சொல்லுவா. ஆனா வண்டி வண்டியாச் சொல்லுவா. ஸ்கூல்ல எவ எவகிட்டச் சண்ட போட்டா, கேம்ல இவ யாரச் சுட்டா, ஒண்ணு விடமாட்டா. இப்ப ஓகே, ஷ்யூர், ஃபைன். முடிஞ்சுது. எதாச்சும் வேணும்னா அம்மாட்டச் சொல்லி விடுதா. ரட்கர்ஸ் காலேஜ் இந்தா பக்கத்துல இருக்கு, வீட்லருந்தே போயிட்டு வரலாம். இவ ஆகஸ்ட்ல டெக்சாஸ் போறாளாம். டெக்சாஸ்ல யாரு இருக்கா நமக்கு? அவ படிப்புக்காகப் போறா, உங்க மேல உள்ள கோவத்துல இல்லன்னு அமலி சொல்லுதா. இருக்கலாம். ஆனா பேசாமலே போயிருவாளோன்னு பயமா இருக்கு தம்பி. அவ ரூமத் தாண்டிப் போகவே எனக்குக் கஷ்டமா இருக்கு.

சவத்த விடுங்க. அதான் விக்கேன். இது கண்ணு முன்னால நிக்க நிக்க எரிச்சலா வருது. எடுத்துட்டுப் போயிருங்க.

போட்டுக் காட்டணுமா? எதுக்கு? கார்டு நீங்களே கொண்டாந்திருக்கீங்களா, கார்லயா? வேண்டாம் தம்பி, அதெல்லாம் இங்க வேண்டாம். அப்படியே தூக்கிட்டுப் போங்க, விலைல இன்னும் கொறச்சுக்கிடுதேன். வீட்ல போயி மாட்டிப் பாருங்க, வரலன்னா எனக்கு போன் பண்ணுங்க.

ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்ல. மெதுவாப் பேசுங்க, மேல ஜன்னல் தொறந்து கெடக்கு. இங்க வச்சுக் கார்டப் போட்டா படம் வந்துருமே, அதான். நான் கார்டு வேண்டாம்னதும் அவ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா. அப்பம் இந்த பிராசஸர மட்டும் மாத்திராதீங்க டாட், இதுலதான் கார்டு இல்லாமலே படம் வரும்னா. நான் கிரிஸ் சொன்ன மாடல வாங்கிட்டேன். அவ ஸ்கூல்லருந்து வாரதுக்குள்ள மதர்போர்டுல நானே மாட்டியும் வச்சுட்டேன். அது ஒண்ணுதான் நான் மாட்டுனது. வேகம்லாம் அதேதான். கார்டு இல்லாமப் படம்தான் வராது. விழாவுக்கு மறுநா ஆபீஸ்ல ஒருத்தன் சொல்லித்தான் எனக்கே தெரியும். நான் என்ன வேணும்னா செஞ்சேன்? அந்தப் பெட்டி மேல பெருசா எழுதிப் போடணுமா இல்லயா? இதுல படம் வராது, மக்கா, ஏமாந்துராதன்னு போட்டா அவனுக்கு மை தீந்துருமா?

அவட்டச் சொல்லித் தொலைங்களேன்னு அமலி தெனமும் ஏசுதா. எப்படிச் சொல்ல? ஊரக் கூட்டி வச்சு அவள ஏசிட்டு, அடுக்களைல வச்சுத் தனியா சாரின்னா சரியாப் போகுமா? அத்தன பேரையும் திரும்பக் கூப்பிடணும்லா. சாமியார் வேற ஊருக்குப் போயிட்டாவ.

என்ன, எந்திரிச்சுட்டீங்க? பாக்காம வாங்கமாட்டீங்க. நியாயந்தான், நானும் வாங்கமாட்டேன். ஆனா எனக்குக் கார்டு மாட்டத் தெரியாது தம்பி. நீங்களும் கைய வைக்காதீங்க. பின்னால பாருங்க, வயரெல்லாம் எப்படிப் பின்னிக் கட்டி வச்சிருக்கா. ஒண்ணாவது வெளியத் தெரியுதா? பொறுமை கெடயாதுன்னு சொன்னேன் பாத்துக்கிடுங்க, இதக் கட்டுனவளப் பாத்து. அவதான் மாட்டணும். நான் கூப்பிட்டா வரமாட்டா, நீங்க ஒரு சத்தம் குடுங்க. ஜெஸ்மின்னு. கஸ்டமர் கூப்பிட்டா வருவா, ஐஸ்கிரீம் கடைப் பழக்கம்.

…வா. இந்த அண்ணன் பாக்கணுங்காவ. கார்டு அவுகளே கொண்டாந்திருக்காவ. நீ கொஞ்சம்… ஆமா, அதான். அங்கன இல்லட்டி, அந்தக் கீழ ஓட்டைல… சரி, நான் பேசல.

வந்துட்டு. படம் வந்துட்டே.

ஜெஸ்மி, அது வந்து, கிரிஸ் அங்கிள்தான்… இல்ல. அவன் சொன்னான், செஞ்சது நான். நீ கேட்ட பிராசஸர் இல்ல இது. உங்கிட்டச் சொல்லாம மாத்திட்டேன். நீ மாட்டுனதுல ஒரு தப்பும் இல்ல.

தெரியுமா? எப்பம் தெரியும்? அன்னைக்கேவா? எல்லாரும் நிக்கும்போதே இங்க வந்து ரீசைக்கிள் டப்பால கெடந்த பிராசஸர் பெட்டியப் பாத்துட்டியா? பொறவு ஏன்ட்டி சொல்லல? அங்கனயே, அத்தன பேரு முன்னாலயே சொல்லிருக்கலாம்லா, அப்பாதான் தப்பா வாங்கிட்டாவன்னு. நான் உன்னய அவ்ளோ பேசுதேன், நீ வாயத் தொறக்காம பிரியாணிய அள்ளி வச்சுட்டு…

என்ன சொன்ன?

'யுவர் கெஸ்ட்ஸ் வேர் ஹியர், டாட்.'

…

இல்ல தம்பி, எங்கிட்ட விலை கேக்காதீங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது. விக்கதா வேண்டாமான்னு அவட்டக் கேளுங்க. நான் இப்படி ஓரமா நிக்கேன்.