அப்புத்துரையிடம் நான் கொடுக்காத அட்டை

1994ஆம் ஆண்டு பங்குனி மாதம் 24ஆம் திகதி, வியாழக்கிழமை, காலை 9.10 மணி.

பெயர்: ராசா மீனலோசனி. வயது: 31. தொழில்: கூலி வேலை, வேலை கிடைக்காத நாட்களில் ஓலை பின்னுதல். விலாசம்: நாரந்தனை வடக்கு, ஊர்காவற்றுறை. அடையாள அட்டை: கைவசம் இல்லை.

மேலே சொன்ன விலாசத்தில் நானும் என்னுடைய மகள் சாந்தரூபியும் இருக்கிறோம். பிள்ளைக்கு ஆறரை வயது, இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். என்னுடைய கணவர் 1991இல் சனம் இடம்பெயர்ந்தபோது தன் தாயை யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு மறுநாள் வருவதாகச் சொல்லிப் போனவர். அதன் பின்பு பாதை மூடப்பட்டது. கடைசிக் கடிதம் வந்து பதினொரு மாதம் ஆகிறது.

இது நான் கொடுக்கும் இரண்டாவது வாக்குமூலம். முதலாவதைக் கடந்த திங்கட்கிழமை 21ஆம் திகதி படையினரின் காவலரணில் வைத்து என்னிடம் எடுத்தார்கள். அது எனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதப்பட்டது. என்னுடைய அடையாள அட்டையை அப்புத்துரை என்பவரிடம் கொடுத்தேன் என்று அதில் சொல்லியிருக்கிறேன். அது பொய். அந்தப் பொய்யால் அவர் மூன்று நாட்களாக உங்கள் மறியலில் அடைபட்டிருக்கிறார். அதைச் சொல்லவே வந்திருக்கிறேன். என்னை ஒருவரும் கூட்டி வரவில்லை, ஒருவரும் பயப்படுத்தவில்லை.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம் 1991இல் ஓடு இல்லாமல் போய்விட்டது. இப்போது பிள்ளை படிக்கும் பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து ஒன்றரை மைல். காலை ஆறே முக்காலுக்கு வெளிக்கிட்டால்தான் ஏழரை மணிக்குப் போய்ச் சேரலாம். பிள்ளையை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, வேலையைப் பார்த்து, ஒன்றரை மணிக்குப் பள்ளி விடும்போது திரும்பவும் போவேன். பிள்ளை அந்த வழியை நாளுக்கு இரண்டு தரம் நடக்கிறாள், நான் நாலு தரம் நடக்கிறேன். தரவைப் புல்வெளி வழியாகப் போனால் கிட்ட. ஆனால் அங்கே கண்ணிவெடிப் பலகை போட்டிருக்கிறார்கள். ஆகவே றோட்டால்தான் போக வேண்டும். றோட்டில் ஆழ்வாப்பிள்ளையர் வீட்டு வளவின் வாசல் படலையில் காவலரண் இருக்கிறது.

ஆழ்வாப்பிள்ளையர் குடும்பம் வெளிநாட்டில் இருக்கிறது. ஊரில் வசதியானவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். போக வழியில்லாதவர்கள்தான் இப்போது இங்கே இருக்கிறோம். காவலரணில் அட்டையைக் காட்ட வேண்டும். காட்டிய பின்பு ஒரு வாளியைத் தருவார்கள். அந்த வளவுக் கிணற்றில் பன்னிரண்டு வாளி அள்ளித் தகரப் பீப்பாவை நிரப்ப வேண்டும். அதன் பின்புதான் மறிப்புக் கம்பைத் தூக்குவார்கள். பதினான்கு மாதமாகப் பள்ளி நாட்களில் இது நடக்கிறது. இதை நான் முறைப்பாடாகச் சொல்லவில்லை. அட்டை எப்படிப் பிள்ளையின் கைக்குப் போனது என்று விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தக் கிணற்றை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். மூன்றாம் வகுப்புடன் என்னை நிற்பாட்டி அந்த வீட்டு முற்றம் கூட்ட விட்டார்கள். அப்போது எங்கள் ஆட்கள் அந்தக் கிணற்றுக் கட்டில் ஏற முடியாது. தண்ணீர் விடாய்த்தால் கையை ஏந்திக்கொண்டு நிற்க வேண்டும், வீட்டுக்காரர் உயரத்தில் நின்று ஊற்றுவார்கள். இப்போது கட்டில் ஏறி நின்று நானே அள்ளுகிறேன். யாருக்காக அள்ளுகிறேன் என்பது மட்டும் மாறியிருக்கிறது.

அட்டையை ஒரு சீலைப் பையில் வீட்டுப் பூட்டின் திறப்புடன் சேர்த்து வைத்து இடுப்பில் செருகியிருப்பேன். குனிந்து கயிறு இழுக்கும்போது பை கிணற்றுக்குள் விழுந்துவிடும் என்ற பயத்தில், அள்ளி முடியும்வரை அதைப் பிள்ளையிடம் கொடுத்துவைப்பேன். பிள்ளை கிணற்றுக் கட்டில் உட்கார்ந்திருப்பாள். முடிந்ததும் வாங்கிச் செருகிக்கொள்வேன். சில நாட்களில் பிந்திவிட்டால் பிள்ளை அதைப் புத்தகப் பையில் போட்டுக்கொள்ளும், பள்ளிப் படலையில் வாங்குவேன்.

அப்புத்துரை எங்கள் வீட்டுக்குப் பின் ஒழுங்கையில் தனியாக இருப்பவர். வயது அறுபத்து மூன்று. மரமேறும் தொழில் செய்தவர். பனைகளைக் காவலரண்களுக்குத் தறித்த பின்பு தொழில் இல்லை. மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கடந்த தை மாதம் நான் காய்ச்சலில் கிடந்தபோது எட்டு நாட்கள் அவர்தான் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தார். அந்தப் பன்னிரண்டு வாளியையும் அவரே அள்ளினார். அவர்கள் பேசிக்கொண்டு போவது பாயில் கிடந்த எனக்குக் கேட்கும்.

"என்ன டீச்சரம்மா, இண்டைக்கு எனக்கு என்ன பாடம்?"

"உங்களுக்கு ஆனாவே தெரியாது, அப்பு. பேசாமல் நடவுங்கோ."

"ஆனா தெரியாமல்தான் நாப்பது வரியம் மரம் ஏறினனான். ஒரு மரமும் என்னட்டைக் கேக்கேல்லை."

திங்கட்கிழமை காலை வழக்கம்போல் ஆறே முக்காலுக்கு வெளிக்கிட்டோம். அட்டையைக் காட்டினேன், வாளி தந்தார்கள், பையைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு அள்ளினேன். வெயில் காலமாதலால் தண்ணீர் கீழே போய்விட்டது, கயிறு நீளமாக இழுக்க வேண்டியிருந்தது. முடிய ஏழேகால் ஆகிவிட்டது. பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். பையைப் பற்றி அப்போது கேட்கவில்லை. பள்ளிப் படலையில் கேட்டேன். பிள்ளை புத்தகப் பையைத் திறந்து காட்டினாள். இல்லை. எங்கே என்று கேட்டேன். தெரியாது என்றாள். மணி அடித்ததும் உள்ளே போய்விட்டாள். அதன் பின்பு நான் றோட்டைப் பார்த்துக்கொண்டே திரும்பி நடந்தேன். ஒன்றரை மைலில் பாதியைக் குனிந்தபடி நடந்திருப்பேன்.

காவலரணில் அட்டை இல்லை என்று சொன்னேன். என்னை வளவுக்குள் கூட்டிப்போய் விறாந்தையில் நிற்க வைத்தார்கள். ஒன்பது மணிக்கு மேலதிகாரி ஒருவரும் தமிழ் தெரிந்த ஒருவரும் வந்தார்கள். தமிழ் தெரிந்தவர்தான் கேட்டார்.

"ஆருக்குக் குடுத்தனீர்?"

"ஒருத்தருக்கும் குடுக்கேல்லை ஐயா. துலைஞ்சு போச்சு."

"காட் துலையாது. ஆக்கள்தான் துலையிறவை."

இரண்டு கிழமைக்கு முன் யாரோ ஒரு பெண் இன்னொருத்தியின் அட்டையுடன் இறங்குதுறையில் பிடிபட்டதாகவும், என்னுடைய அட்டையும் அப்படித்தான் போயிருக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். நான் இல்லை என்றேன். ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அடிக்கவில்லை. நிலத்தில் உட்கார விடவில்லை, தண்ணீர் கேட்டேன், தரவில்லை. விறாந்தைச் சுவரில் ஆழ்வாப்பிள்ளையர் வீட்டு மணிக்கூடு இன்னும் ஓடுகிறது. ஒன்றரை ஆனது. பள்ளி விட்டுவிட்டது, பிள்ளை தனிய நிற்கும் என்று சொன்னேன். இரண்டரை ஆனது. திரும்பவும் சொன்னேன். மூன்று மணி பஸ்ஸுக்கு டீச்சர்மார் போய்விடுவார்கள், அதன் பின்பு அங்கே ஆட்கள் இல்லை, றோட்டில் தனியாக வர வெளிக்கிட்டால் பிள்ளைக்குத் தரவைப் பலகை வாசிக்கத் தெரியாது என்று சொன்னேன்.

தமிழ் தெரிந்தவர் சொன்னார்: "ஒரு பேரைச் சொல்லும். போய்ப் பிள்ளையைக் கூட்டும்."

மூன்றே காலுக்கு நான் அப்புத்துரையின் பெயரைச் சொன்னேன். சங்கக்கடையில் நிவாரணம் எடுப்பதற்காக அட்டையை அவரிடம் கொடுத்தேன், அவர் திருப்பித் தரவில்லை என்று சொன்னேன். எழுதினார்கள். கையொப்பம் வைத்தேன். மூன்று நாளைக்குப் போய்வர ஒரு துண்டுச் சீட்டுத் தந்தார்கள். அதன் பின்பு ஓடினேன்.

பள்ளிக்கூடம் பூட்டியிருந்தது. பிள்ளை வாசல் படியில் புத்தகப் பையைக் கழுத்தில் மாட்டியபடி இருந்தாள். சட்டை நனைந்து காய்ந்திருந்தது. ஏன் பிந்தினீர்கள் என்று கேட்டாள். வீட்டுக்கு வந்து பூட்டைக் கல்லால் உடைத்துக்கொண்டு உள்ளே போனோம்.

அன்று மாலை ஆறு மணிபோல் அப்புத்துரையைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கள் வேலியோரமாகத்தான் போனார்கள். அவர் என்னைக் கண்டு நின்றார்.

"மீனா, என்னவோ காட் எண்டு கேக்கினம். என்ன காட் பிள்ளை? உமக்கு ஏதும் தெரியுமே?"

நான் குசினிக்குள் போய்விட்டேன்.

செவ்வாயும் புதனும் துண்டைக் காட்டிப் பிள்ளையைப் பள்ளிக்குக் கூட்டிப் போனேன். அந்த இரண்டு நாளும் பன்னிரண்டு வாளி அள்ளினேன். பிள்ளை கிணற்றுக் கட்டில் இருக்க மாட்டேன் என்று படலையிலேயே நின்றாள். நான் அதைக் கவனித்தேன், ஆனால் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கும் அளவுக்கு என்னிடம் சத்து இருக்கவில்லை.

புதன்கிழமை பள்ளியால் வரும்போது அப்புத்துரையின் படலை திறந்து கிடந்ததைப் பிள்ளை கண்டாள்.

"அப்பு எங்கையம்மா?"

"பிடிச்சுக்கொண்டு போட்டினம்."

"ஏன்?"

"என்ரை காட்டைத் துலைச்சதெண்டு."

பிள்ளை கொஞ்சத் தூரம் நடந்தாள். அதன் பின்பு றோட்டிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பு துலைக்கேல்லை. நான்தான் கிணத்துக்கை போட்டனான்."

நான் அவளை அடித்தேன். எத்தனை அடி என்று சொல்ல முடியாது. கையில் ஓலை வாரக் கொண்டுபோன சத்தகக் கத்தி இருந்தது, அதைக் கீழே போட்டுவிட்டுத்தான் அடித்தேன். அதன் பின்பு ஏன் போட்டாய் என்று கேட்டேன்.

"அதைக் காட்டினாத்தானே அவை வாளி தருகினம். அது இல்லாட்டித் தரமாட்டினம்."

அவள் சொன்னது அவ்வளவுதான். நான் வேறொன்றும் கேட்கவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்து சோறு கொடுத்துப் படுக்க வைத்தேன். இன்று காலை முதல் வேலையாக இங்கே வந்தேன். பிள்ளை வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். இன்று பள்ளிக்குப் போகவில்லை. அவளை உள்ளே கூப்பிட்டுக் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டால் சொல்லுவாள். ஆனால் சீருடை போட்ட ஆளைக் கண்டால் அவளுக்குச் சலம் போகும்.

கேள்வி: பிள்ளையைப் பள்ளிக்கு விடாமல் இருந்தால் இவ்வளவு கரைச்சலும் இல்லையே?

பதில்: ஓம். என்னை விடாமல் இருந்தபோது ஒருவருக்கும் கரைச்சல் இருக்கவில்லை. நான் முற்றம் கூட்டினேன்.

கேள்வி: அப்புத்துரையுடன் உமக்குக் கோபதாபம் ஏதும் உண்டா?

பதில்: இல்லை.

கேள்வி: அப்படியானால் ஏன் அவருடைய பெயரைச் சொன்னீர்? ஊரில் வேறு ஆட்களும் இருக்கிறார்களே?

பதில்: மேற்கு ஒழுங்கையில் மரியநாயகி இருக்கிறார், அவருக்கு மூன்று ஆண்பிள்ளைகள். விதானையாரின் தம்பி இருக்கிறார். அவர்களின் பெயர்களும் அப்போது என் வாயில் வந்தன. அவர்களைப் பிடித்தால் தேடிக்கொண்டு ஆட்கள் வருவார்கள், பிறகு என்னிடம் வந்து நிற்பார்கள். அப்புத்துரையைத் தேடி வர ஒருவரும் இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அவசரத்தில் வாய்தவறிச் சொன்னேன் என்று எழுத வேண்டாம். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, யோசித்துத்தான் சொன்னேன்.

கேள்வி: பிள்ளை கிணற்றில் போட்டதற்கு என்ன சாட்சி?

பதில்: பை கிணற்றில் இருக்கும். திறப்பு இரும்பு, அதனால் பை மிதக்காது. கிணற்றை இறைத்தால் கிடைக்கும். இப்போது தண்ணீர் இடுப்பளவுதான் நிற்கிறது என்பது கயிற்றின் அளவில் எனக்குத் தெரியும். இறைக்க ஆள் இல்லை என்று சொன்னால் நான் இறைக்கிறேன். காலையில் தொடங்கினால் பின்னேரத்துக்குள் முடிப்பேன்.

கேள்வி: இறைத்தும் பை கிடைக்காவிட்டால்?

பதில்: அப்படியானால் அட்டைக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவள் நான். என்னை மறியலில் வைத்துக்கொண்டு அப்புத்துரையை விடுங்கள். பிள்ளைக்குக் காலை ஏழரை மணிக்குப் பள்ளி. அவருக்கு வழி தெரியும். நான் செய்தது அவருக்குத் தெரிந்தாலும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவார்.

இதை எனக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே எழுதியிருக்கிறது, வெட்டவோ கூட்டவோ ஒன்றுமில்லை. திங்கட்கிழமை கொடுத்த வாக்குமூலத்தில் என்னுடைய பெயரும் வயதும் விலாசமும் மட்டும் சரி. இதில் எல்லாம் சரி.

(ஒப்பம்) ரா. மீனலோசனி